படப்பிடிப்பு நாட்களில் நீங்கள் போட்ட மெடிக்கல் லீவு

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சீனியர் அனலிஸ்ட்டாக இருக்கிறேன். வயது 28. இளம் தொழில்முனைவோருக்கான டிவி ரியாலிட்டி ஷோ ஒன்றில் போட்டியாளராகத் தேர்வாகி, ஐந்து வாரம் சென்னையில் படப்பிடிப்பில் இருந்தேன். அணித் தலைவர் விலையைத் தப்பாக வைத்ததற்கு என்னை வெளியேற்றிவிட்டார்கள். "உனக்கு வியாபாரமே தெரியாது" என்று எல்லார் முன்னாலும் நடுவர் சொன்னார். நான் போட்ட கணக்குதான் சரி, ஆனால் அதை எடிட்டிங்கில் தூக்கிவிடுவார்கள். அடுத்த மாதம் ஒளிபரப்பு. தடை வாங்கலாமா? நோட்டீஸ் அனுப்பலாமா? நடந்ததை நானே யூடியூபில் சொல்லலாமா? ஆபீஸில் முதுகுவலி என்று மெடிக்கல் லீவு போட்டதால் இதுவரை யாருக்கும் தெரியாது.

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி மட்டும்தான். மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

தடை கிடைக்காது. படம் பிடித்ததை எப்படி வேண்டுமானாலும் வெட்டிச் சேர்க்கலாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்த ஷரத்து இல்லாத போட்டியாளர் ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை. விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுக்கும் உத்தரவை மிக அரிதான சூழலில்தான் தர வேண்டும் என்று புளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ டிவி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடுவர் சொன்னது அவருடைய கருத்து. அதை வைத்து அவதூறு வழக்கு நிற்காது. ஷோவில் ஜெயித்தவருக்கே நீதிமன்றம் கைகொடுக்காததும் உண்டு. பிரிட்டனில் 2010-இல் 'தி அப்ரென்டிஸ்' என்ற வியாபார ரியாலிட்டி ஷோவை வென்ற ஸ்டெல்லா இங்கிலிஷ், பரிசாகக் கிடைத்த வேலை பெயரளவுக்கான வேலை என்று அந்த ஷோவை நடத்திய தொழிலதிபர் ஆலன் சுகருக்கு எதிராகப் போன வழக்கு 2013-இல் தள்ளுபடியானது.

யூடியூப் வேண்டாம். ரகசியக் காப்பு ஷரத்தை மீறினால் இத்தனை லட்சம் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை இருக்கும். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்புதான், அப்படியே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் தனியார் விசாரணைக்குப் போய், ஆர்பிட்ரேட்டர் கட்டணத்தில் பங்கும் கட்ட வேண்டும்.

இப்போது விடுப்புக்கு வருகிறேன். எபிசோடு வரை போக வேண்டாம், புரோமோ வந்த அன்றே உங்கள் டீம் வாட்ஸ்ஆப் குழுவில் அது சுற்றும். ஹெச்.ஆர். உங்கள் லீவு தேதியை எடுத்துப் பார்ப்பார். மருத்துவச் சான்றிதழைக் கொடுத்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் இருந்தது நிறுவன விதிகளில் ஒழுங்கீனம். வேலையை விட்டே நீக்குமளவு பெரிய ஒழுங்கீனம்.

அந்தச் சான்றிதழ் எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. டாக்டர் உங்களை நிஜமாகவே பார்த்து, நீங்கள் சொன்ன வலியை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால், விஷயம் பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளேயே முடியும். லெட்டர்பேடு, சீல் எல்லாம் யாரோ தயாரித்துக் கொடுத்ததென்றால் அது போலி ஆவணம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளுக்குள் வந்துவிடுவீர்கள். அந்த ஐந்து வாரத்துக்கு மருத்துவச் செலவு கிளைம் ஏதாவது போட்டிருந்தால் மோசடியும் சேரும். டாக்டர் உங்கள் பக்கம் நிற்பார் என்று நினைக்காதீர்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவுக்கே ஆபத்து.

இந்த மாதிரி விஷயத்தில் என்னிடம் வந்தவர்கள் கவிழ்ந்தது முதல் பொய்யில் இல்லை, இரண்டாவதில். ஹெச்.ஆர். விளக்கம் கேட்டதும் பதறிப்போய், "வலி குறைந்த பிறகு இரண்டு நாள் மட்டும் போனேன்" என்று மெயில் போடுவார்கள். அதற்குத் தோதாக முன்தேதியிட்டு இன்னொரு சான்றிதழும் வாங்குவார்கள். படப்பிடிப்பு வருகைப் பதிவேடு, ஹோட்டல் அறைக் கணக்கு, பங்கேற்புத் தொகையில் முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்) என்று தயாரிப்பு நிறுவனத்திடம் எல்லாம் இருக்கிறது. டிடிஎஸ் உங்கள் 26ஏஎஸ் என்ற வருமான வரிப் படிவத்திலும் ஏறியிருக்கும். அடுத்த கம்பெனி பின்னணிச் சரிபார்ப்புக்கு அந்தப் படிவத்தையே கேட்கலாம். முதல் சான்றிதழை மன்னிக்கத் தயாராக இருந்த மேலாளர்கள்கூட இரண்டாவதைப் பார்த்ததும் விசாரணைக்கு உத்தரவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸ் வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை படப்பிடிப்பில் இருந்தேன்" என்றுதான் எந்த நோட்டீஸும் ஆரம்பிக்கும். உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே டைப் செய்து பதிவுத் தபாலில் அனுப்புவதாகும்.

சமாதானமாகப் போங்கள், அதுவும் புரோமோ வருவதற்கு முன். முதலில் தயாரிப்பு நிறுவனத்துக்கு மெயில் போட்டு, முடிவைச் சொல்லாமல் பங்கேற்றதை மட்டும் என் முதலாளிக்குத் தெரிவிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பிறகு மேலாளரை நேரில் பாருங்கள். முதுகுவலிக் கதையை அங்கே மறுபடி எடுக்காதீர்கள். அந்த நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். ஐந்து வாரச் சம்பளம் போவது வலிக்கும்தான். ஆனால் "ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டார்" என்று பதிவாகிவிட்டால் 28 வயதில் அதைச் சுமந்துகொண்டு வேலை தேடுவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அவர்கள் வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். ராஜினாமாவாக ஏற்று வழக்கமான ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் தருவதாக ஒப்புக்கொள்ளட்டும், அது எழுத்தில் இருக்கட்டும்.

சான்றிதழ் போலி என்றால் மேலே சொன்ன எதையும் தனியாகச் செய்யாதீர்கள். மேலாளரிடம் வாய்வார்த்தையாகக்கூட ஒப்புக்கொள்ளாமல், அந்தச் சான்றிதழ், வேலை நியமன ஆணை, போட்டியாளர் ஒப்பந்தம் மூன்றின் நகலோடும் இந்த வாரமே கோவையில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கம்பெனிக்கு என்ன போனாலும் அவர் படித்த பிறகே போகட்டும்.