கிட்டார் டேப்: எண் தெரிகிறது, பாட்டு வரவில்லையே!

டேப் என்பது ஆறு கம்பிக்கு ஆறு கோடு போட்டு, விரல் வைக்கும் இடத்தை எண்ணால் எழுதும் முறை. அதைப் பார்த்து கிட்டார் பழகத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, கிட்டாரில் தடித்த கம்பிதானே மேலே இருக்கிறது? டேப்பில் அது ஏன் கடைசிக் கோடாக இருக்கிறது?
– கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்திக் குனிந்து பாருங்கள் தம்பி. தடித்த கம்பி உங்கள் வயிற்றுப் பக்கமும், மெல்லிய கம்பி தள்ளியும் இருக்கும். அந்தப் பார்வைதான் டேப். மேல் கோடு 1ஆம் கம்பி, கீழ்க்கோடு 6ஆம் கம்பி. கோட்டின் மேல் உள்ள எண், எந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரித்த கட்டத்தில்) அழுத்த வேண்டும் என்று சொல்கிறது. 0 என்றால் அழுத்தாமல் மீட்ட வேண்டும். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். உங்களுக்கு வந்த குழப்பத்துக்கு வயது அதிகம். 1507இல் வெனிஸ் நகரில் லூட் வாத்தியத்துக்கு அச்சான டேப்பில் தடித்த கம்பிக்கான கோடுதான் மேலே இருந்தது.

எண்களைத் தப்பில்லாமல் வாசிக்கிறேன். ஆனால் பாட்டு மாதிரியே கேட்கவில்லை.
– அம்பாசமுத்திரம்

அதிகம் வரும் கேள்வி இதுதான். டேப் பழகும் எல்லாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். இணையத்தில் கிடைக்கும் சாதாரண டேப், விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லாது.

ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஒரு கம்பியில் 0 0 2 0 5 4 என்று ஒரே சீராக வாசியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. இப்போது முதல் இரண்டு 0-வையும் சேர்த்து ஒரே தாளத் தட்டுக்குள் அடக்குங்கள். அடுத்த 2, 0, 5 மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு தட்டு. கடைசி 4-க்கு இரண்டு தட்டு. கேக் வெட்டும்போது எல்லாரும் பாடும் பிறந்தநாள் பாட்டு வந்துவிடும். எண்களில் எந்த மாற்றமும் இல்லை, காலம் மட்டும்தான் மாறியது.

அதனால் டேப்பைத் திறக்கும் முன்னால் பாட்டைக் கேளுங்கள். அந்த வரியை வாயால் பாட வரும்வரை கேளுங்கள். அப்புறம் காலால் தாளம் தட்டிக்கொண்டே பாடி, ஒவ்வொரு தட்டும் எந்த எண்ணில் விழுகிறதோ அதன் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு தட்டுக்குள் நான்கு எண் இருந்தால் 'தகதிமி' சொல்லி அடக்குங்கள். கையில் கிட்டாரை எடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். பாட வராத வரியை எந்த டேப்பும் வாசிக்க வைக்காது.

நான் வாய்ப்பாட்டு படித்தவள். சுரங்களை டேப்பாக எழுத முடியுமா?
– தென்காசி

தாராளமாக எழுதலாம் அம்மா, உங்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஒரு ஃப்ரெட் என்பது ஒரு சுரஸ்தானம். ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு 12 ஃப்ரெட். 5ஆம் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 6 கட்டை. அதையே ஸட்ஜமாக வைத்தால் மாயாமாளவகௌளை ஆரோகணம் இப்படி வரும்:

```
1|----------------|
2|----------------|
3|------------1-2-|
4|------0-2-3-----|
5|0-1-4-----------|
6|----------------|
```

5ஆம் கம்பியில் ஸ ரி க, 4ஆம் கம்பியில் ம ப த, 3ஆம் கம்பியில் நி ஸ. சரளி வரிசை முழுவதையும் இந்த எட்டு இடங்களிலேயே வாசித்துவிடலாம். உங்கள் சுருதி 6½ கட்டை என்றால் 1ஆம் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள், எண்கள் அப்படியே இருக்கும். கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, மட்டும் எண்ணில் அடைக்க முடியாது. அதை உங்கள் காதுதான் விரலுக்குச் சொல்லித்தர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் டேப் கலைந்து கிடக்கிறது.
– வள்ளியூர்

எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இல்லாததால் வரும் கோளாறு அது. ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் கோடு மடிவதும் நிற்கும்.

5க்கும் 7க்கும் நடுவில் 'ஹெச்' என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறது. அது என்ன?
– களக்காடு

ஹாமர்-ஆன். 5ஐ ஒருமுறை மீட்டிவிட்டு, வலது கை சும்மா இருக்க, இடது கை மோதிர விரலால் 7இல் ஓங்கிக் குத்துங்கள். 'பி' இருந்தால் அதற்கு நேர்மாறு: கம்பியைக் கொஞ்சம் சுண்டியபடி விரலை எடுக்க வேண்டும். சாய்கோடு இருந்தால் விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் சபைப் பாடகர் குழுவில் கேரல் பாட்டுக்கு டேப் எடுத்தேன். 'கேபோ 2' என்று போட்டிருந்தது. கீபோர்டு வாசிக்கும் அண்ணனோடு சேரவே இல்லை.
– திசையன்விளை

கேபோ போட்டபின் டேப்பில் உள்ள எண்களைக் கேபோவிலிருந்து எண்ண வேண்டும். 0 என்றால் கேபோ இருக்கும் இடம். 3 என்றால் உண்மையில் 5ஆம் ஃப்ரெட். நீங்கள் 'ஜி' கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்தால் வெளியே கேட்பது 'ஏ'. ஆகவே கீபோர்டு அண்ணனிடம் நீங்கள் பிடிக்கும் கார்டின் பெயரைச் சொல்லாமல், வெளியே கேட்கும் கார்டின் பெயரைச் சொல்லுங்கள். கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் கார்டை மட்டும் சேர்ந்து அடித்துப் பாருங்கள். அது ஒத்துப்போனால் மற்றதும் ஒத்துப்போகும்.