வழி தவறியவர் யாரும் ‘வழி தவறிவிட்டேன்’ என்று சொல்வதில்லை

‘இரவில் வழி தவறியவர்களுக்கு உதவ எங்கள் பகுதியில் தன்னார்வ ரோந்துக் குழு தொடங்குகிறார்கள். எல்லார் கைப்பேசியிலும் வரைபடம் இருக்கும் காலத்தில் இது வீண் வேலை இல்லையா? எனக்குச் சனிக்கிழமை இரவு மட்டும்தான் நேரம் இருக்கும், சேரலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘வீண் வேலை’ என்பதைப் படித்ததும் எழுந்து போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். வழி தவறியவர் என்றதும் முச்சந்தியில் நின்று இடமும் வலமும் பார்த்து விழிக்கும் ஒருவர் உங்கள் கண்முன் வருகிறார். அவர் வழி கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்குக் கைப்பேசி போதும், ஒப்புக்கொள்கிறேன். நான் இப்படிப்பட்ட ஓர் இரவு ரோந்துக் குழுவில் ஆறு வருடங்களாக இருக்கிறேன். அப்படி வந்து வழி கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை. தாம் வழி தவறியிருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

என் அப்பா ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஓர் இரவில் வீட்டிலிருந்து இறங்கி நடந்தார். மறதி நோய் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காலையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் தொடை எலும்பு முறிந்து கிடந்தார். அதன்பின் நான்கு மாதங்கள் இருந்தார். விசாரித்தபோது அன்றிரவு மூன்று பேர் அவரைப் பார்த்திருப்பது தெரிந்தது: ஒரு காவலாளி, பால் வண்டி ஓட்டுநர் ஒருவர், பணி முடிந்து திரும்பிய ஒரு செவிலியர். மூவரும் சொன்னது ஒன்றுதான். ‘எங்கேயோ அவசரமாகப் போகிறார் என்று நினைத்தோம்.’ அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அப்பா அப்படித்தான் நடந்திருப்பார். அவருக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அது எங்கே என்பதை நான் கடைசிவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

தேடல் மீட்புப் பணிக்காக உலகெங்கும் காணாமற்போனவர்களின் பதிவுகளைத் தொகுத்த ராபர்ட் கோஸ்டர் என்ற ஆய்வாளர் இதைத்தான் சொல்கிறார். மறதி நோயாளி எதிலாவது சிக்கிக்கொள்ளும்வரை போய்க்கொண்டே இருப்பார்; தேடுகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் பதில் கொடுக்க மாட்டார். இதைப் படித்த அன்று அந்தப் பள்ளம்தான் நினைவுக்கு வந்தது. நாங்களும் அப்பாவின் பெயரைக் கத்திக்கொண்டு அந்த வழியாக இரண்டு முறை போயிருந்தோம்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். மறதி நோய் உள்ளவர்களில் பத்தில் ஆறு பேர் ஒரு முறையாவது இப்படி வெளியேறி அலைவார்கள் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம். ஜப்பானில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் மறதி நோய் தொடர்பாகக் காணாமற்போனதாகக் காவல்துறைக்கு வந்த புகார்கள் 19,000-க்கும் மேல். அங்கே ஓமுட்டா என்ற நகரத்தில் மக்கள் ஒத்திகையே நடத்துகிறார்கள். ஒருவர் வழி தவறிய முதியவராக நடித்துக்கொண்டு தெருவில் நடப்பார்; மற்றவர்கள் அவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று பழக வேண்டும். தேடுவதற்கான ஒத்திகை என்பதைவிடப் பேசுவதற்கான ஒத்திகை என்றே அதைச் சொல்லலாம். ஒரு ஊரே கூடிப் பழகுகிற ஒன்றை வீண் வேலை என்று யார் சொல்வார்கள்?

இனி, என்னால் மறக்க முடியாத ஓர் இரவைப் பற்றி.

மணி இரண்டேகால் இருக்கும். நானும் ஒரு கல்லூரி மாணவரும் சுற்றிக்கொண்டிருந்தோம். எப்போதும் இருவராகத்தான் போவோம், தனியே போகக் கூடாது என்பது விதி. எதிரே எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விறுவிறுவென்று வந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன, தலை வாரியிருந்தது. செருப்பு மட்டும் ஒரு காலுக்கு ஒன்றாக வேறுவேறு. அதைப் பார்த்திருக்காவிட்டால் நானும் அவரைப் போகவிட்டிருப்பேன்.

என்னுடன் வந்த பிள்ளை நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான்: “ஐயா, வழி தவறிவிட்டீர்களா?”

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்கா? முப்பத்திரண்டு வருடமாகப் போகிற பாதை இது. தள்ளி நில் தம்பி” என்று அவனை விலக்கிவிட்டு நடையைக் கூட்டினார்.

நான் பையனைப் பத்தடி பின்னால் வரும்படி சைகை காட்டினேன். டார்ச்சைத் தரையை நோக்கித் தாழ்த்திக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நடந்தேன். “நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் ஐயா. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. கூட வரலாமா?” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “வாருங்கள் அம்மா, இந்த நேரத்தில் பெண்பிள்ளை தனியாக வரலாமா?” என்று என்னைச் சாலையின் உட்பக்கமாக நடக்க வைத்தார்.

மேல்நிலைத் தொட்டியில் வால்வு திறக்கும் வேலை பார்த்தவர். மூன்று மணிக்குள் வால்வைத் திறக்காவிட்டால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாதாம். பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு முதலில் விட்டால் அழுத்தம் முழுவதையும் அவர்களே இழுத்துக்கொள்வார்களாம். அதனால் மேட்டுக்குத்தான் முதலில் விட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். எந்தச் சந்தில் குழாய் எத்தனை அங்குலம் என்று அவருக்கு அப்போதும் நினைவிருந்தது. ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் நடந்தோம். பின்னால் வந்த பையன் அதற்குள் அவசர எண்ணுக்கு அழைத்து, நாங்கள் போகும் வழியைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ‘தடுக்க வேண்டாம், கூடவே நடங்கள், ஆபத்தான பக்கம் திரும்பினால் மட்டும் சொல்லுங்கள்’ என்று அங்கிருந்தும் சொன்னார்கள்.

அவர் தளர்வது தெரிந்தது. “உட்காருங்கள்” என்று சொன்னால் உட்கார மாட்டார். “ஐயா, எனக்குக் கால் வலிக்கிறது, இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா?” என்றேன். எனக்காக உட்கார்ந்தார். சட்டைப்பையில் உயிரில்லாமல் கிடந்த கைப்பேசியை, அவர் சம்மதத்துடன், எங்களிடம் இருந்த பவர் பேங்கில் இணைத்தோம். திரையில் வெளிச்சம் வந்து சிறிது நேரத்திலேயே மணி அடித்தது. மகள். அவர் அதுவரை நேர் எதிர்த் திசையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

வரைபடமெல்லாம் அந்தக் கைப்பேசியிலும் இருந்தது. கேள்வியில் நீங்கள் சொன்ன அதே வரைபடம்தான்.

மகள் வந்தார். முதலில் அப்பாவைத் திட்டினார், பிறகு எங்களைத் திட்டினார். “பார்த்தவுடன் ஏன் பிடித்து நிறுத்தவில்லை? நாற்பது நிமிடமா நடக்கவிடுவீர்கள்?” நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கேயும் அதையே கேட்க யாராவது வருவீர்கள் என்பதால் இப்போது சொல்லிவிடுகிறேன். கையைப் பிடித்திருந்தால் அவர் உதறியிருப்பார், ஓடியிருப்பார், விழுந்திருப்பார். ஒருவரைத் தடுத்து வைக்கும் உரிமையும் எங்களுக்குக் கிடையாது. சாலையில் வண்டி வந்து, அவர் நடுவில் இறங்கியிருந்தால் நிச்சயம் பிடித்திருப்பேன்.

பொய் சொன்னேன் என்பதும் உண்மை. காரில் ஏறும் முன்பு, “வால்வு?” என்று கேட்டார். “இன்றைக்கு வேறு ஒருவர் திறந்துவிட்டார் ஐயா” என்றேன். மறதி நோயாளியிடம் எப்போதும் உண்மைதான் பேச வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. அந்த மூன்று மணிக்கு எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. அவர் தலையசைத்தார். “உங்கள் தெரு எதுவென்று சொல்லுங்கள் அம்மா, நாளைக்குக் கால் மணி நேரம் கூடுதலாக விடுகிறேன்” என்றார்.

இங்கிலாந்தில் ‘ஹெர்பர்ட் நெறிமுறை’ என்ற ஒன்று உண்டு. மறதி நோயாளி காணாமற்போவதற்கு முன்பே குடும்பத்தார் நிரப்பி வைக்கும் படிவம் அது. பழைய வீடு, பழைய வேலையிடம், வழக்கமாகப் போகும் இடங்கள், புகைப்படம் எல்லாம் அதில் இருக்கும். காணவில்லை என்றதும் காவல்துறையிடம் கொடுத்துவிடலாம். இரண்டாம் உலகப் போரின் நார்மண்டிச் சண்டையில் பங்கேற்ற ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவரின் பெயர் அதற்கு. சிறுவயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனவர் வழியிலேயே இறந்துபோனார். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், குழுவில் சேர்கிறீர்களோ இல்லையோ, அப்படி ஒரு தாளை இன்றே எழுதி வையுங்கள். அந்த மகளுக்குத் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வந்திருந்தால் பாதி நேரத்தில் அப்பாவைக் கண்டுபிடித்திருப்பார்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஆளைக் காணவில்லை என்றால் ‘இருபத்து நான்கு மணி நேரம் ஆகட்டும்’ என்று காத்திருக்காதீர்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்று பல நாட்டுக் காவல்துறைகள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. குழந்தைகள் விஷயத்தில் அத்தகைய காத்திருப்பு விதியே கூடாது என்று அமெரிக்காவில் 1990-இலேயே சட்டம் வந்துவிட்டது.

நோய் இல்லாதவர்களுக்கும் இரவில் திசை குழம்பும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மனியின் காட்டிலும் துனிசியாவின் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை நேராக நடந்தார்கள். பாலைவனத்தில் இரவில் நடந்தவர், நிலவு மேகத்தில் மறைந்த பிறகு சில முறை திரும்பி, புறப்பட்ட பக்கத்தையே நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். பாதி இரவில் மின்வெட்டான தெருக்களில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இளைஞர், குடிக்காதவர், படித்தவர் என்ற வேறுபாடே இல்லை.

‘ரோந்து என்ற பெயரில் அடாவடி செய்வார்கள்’ என்று கருத்துப் பகுதியில் எழுதப் போகிறவர்களுக்கு: உங்கள் அச்சம் சரியானது. 2018-இல் இந்தியாவில் பிள்ளை கடத்துகிறார்கள் என்ற புரளி பரவியபோது, கோயிலுக்கு வழி கேட்க வண்டியை நிறுத்திய குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்து அடித்தது. அதில் அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இறந்தார். வழி கேட்டவர்கள் அவர்கள். அதனால்தான் எங்கள் குழுவில் கம்பு கிடையாது, யாரையும் ‘நீ யார், எங்கே போகிறாய்’ என்று கேட்பது கிடையாது, யாரையும் படம் எடுப்பதும் கிடையாது. லண்டனின் பிரிக்ஸ்டனில் 2003-இல் லெஸ் ஐசக் தொடங்கிய ‘ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்’ குழுவினர் தண்ணீரும் ரப்பர் செருப்பும் எடுத்துக்கொண்டு இரவில் நடக்கிறார்கள். குதிகால் உயர்ந்த காலணியில் நடக்க முடியாமல் வெறுங்காலோடு நிற்கும் பெண்களுக்கு அந்தச் செருப்பு. உங்கள் பகுதியில் தொடங்குகிற குழு எதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள். கம்பு என்றால் சேராதீர்கள்.

பெண்கள் இல்லாத குழுவிலும் சேராதீர்கள், அல்லது சேர்ந்து பெண்களைக் கூட்டி வாருங்கள். நள்ளிரவில் வழி தெரியாமல் நிற்கும் பெண்ணை நோக்கி இரண்டு ஆண்கள் டார்ச்சுடன் நடந்து வந்தால், அவர்கள் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் அவள் ஓடத்தான் பார்ப்பாள்.

பெண்கள் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் முதல் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தோம், அதில் இருவர் பெண்கள். பதிவேட்டை யாரும் எதுவும் கேட்காமல் என் முன்னால் வைத்தார்கள். “உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும்” என்றார் ஒருவர். என் கையெழுத்தை அவர் பார்த்ததே இல்லை. முப்பத்தொரு வருடம் அலுவலகத்தில் இதே கதை. எந்தக் கூட்டமானாலும் குறிப்பு எழுதுவது நான், பேசுவது மற்றவர்கள். எழுதிக்கொண்டிருப்பவளால் இடையில் கையை உயர்த்திப் பேச முடியாது என்பது இத்தனை வருடங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? நான்காவது கூட்டத்தில் பதிவேட்டை மேசை நடுவில் வைத்துவிட்டு, “இனி முறை போட்டு எழுதுவோம்” என்றேன். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் இதை அழிக்கப் போவதில்லை.

எல்லா இரவும் நான் சொன்ன இரவு போல இருக்காது. பல வாரங்கள் ஒன்றுமே நடக்காது. தெருநாய்களோடு நான்கு மணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பீர்கள். நாங்கள் எத்தனை உயிர்களைக் காப்பாற்றினோம் என்று கேட்டால் சொல்ல எனக்குக் கணக்கு இல்லை. அந்தப் பெரியவர் எங்களைப் பார்க்காமல் போயிருந்தாலும் பத்திரமாக வீடு திரும்பியிருக்கலாம். என் அப்பாவுக்கு அப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

சேருங்கள். பகலில் ஒருமுறை அந்தத் தெருக்களை நடந்து பார்த்து எங்கே பள்ளம், எங்கே திறந்த கிணறு, எங்கே கால்வாய் என்று தெரிந்துகொள்ளுங்கள். பவர் பேங்கை நிரப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் வராத செருப்பு வேண்டாம். பின்னால் ஓசையில்லாமல் யாராவது வந்தால் பயந்திருப்பவர் இன்னும் பயந்துபோவார்.

சனிக்கிழமை மட்டும் முடியும் என்று தயங்கியிருக்கிறீர்கள். எங்கள் குழுவில் ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுவது சனிக்கிழமைகளில்தான். உங்கள் குழுவிலும் அப்படித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.