துப்பாக்கி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

ரைஃபிள் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. முதல் நாளில் பாதி நேரம், சினிமா கற்றுக்கொடுத்ததை மறக்கடிப்பதிலேயே போய்விடும். நீங்கள் அனுப்பிய கேள்விகளிலும் அந்த வாசனை அடிக்கிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம்.

சார், தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது நம் உரிமைதானே? காசு செலவழித்தால் லைசென்ஸ் வந்துவிடும் என்கிறார்களே? (நகைக்கடைக்காரர், மதுரை)

உரிமை என்று பேசுவது அமெரிக்காவில். அங்கே அரசியல் சட்டத்திலேயே அதற்கொரு திருத்தம் இருக்கிறது. நமக்கு இருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும்தான். உங்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்டமென்றால் கலெக்டரிடமும், மாநகரமென்றால் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பம் போகும். உங்கள் மேல் வழக்கு உண்டா, ஆபத்து என்று சொல்வது நிஜமா என்று ஸ்டேஷனிலிருந்து விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். உடல்நலம், மனநலத்துக்கு டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பூட்டி வைக்க வசதி எல்லாம் பார்ப்பார்கள். நகைக்கடை வைத்திருப்பது மட்டுமே போதாது. மறுத்தால் சோர்ந்துபோக வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் உண்டு.

கிடைத்தாலும் அது ஐந்து வருஷத்துக்குத்தான். 2019 திருத்தத்துக்கு முன் மூன்று வருஷமாக இருந்தது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் கையில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். காசு என்று கேட்டீர்களே, அது துப்பாக்கிக்கே சரியாக இருக்கும். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் விட்ட 'நிர்பீக்' என்ற சின்ன ரிவால்வரின் விலையே ஒரு லட்சத்துக்கு மேல்.

லைசென்ஸ் வாங்கிவிட்டால் எந்தத் துப்பாக்கியும் வாங்கலாமா? (கல்லூரி மாணவர், சேலம்)

கூடாது தம்பி. போலீஸ்காரர் இடுப்பில் பார்க்கிற 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட ரகம். பொதுமக்களுக்கு .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், .315 ரைஃபிள் (இந்த எண்கள் அங்குலத்தில் குழல் விட்டம்), 12 போர் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி போன்றவைதான். ஒருவருக்கு மூன்று வரை இருந்ததை 2019இல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். போட்டிகளில் சுடுகிறவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், எந்த எல்லைக்குள் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் உரிமத்திலேயே எழுதியிருக்கும். மாநிலத்துக்கு மட்டும் என்று இருந்தால் அதோடு பெங்களூருக்குப் போகக்கூடாது.

குடகுக்காரர்களுக்கு மட்டும் லைசென்ஸே வேண்டாமாமே? (ஓசூர்)

குடகின் பூர்வகுடிச் சமூகமான கொடவர்களுக்கும், அங்கே ஜம்மா நிலம் என்ற பரம்பரை மானிய நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே விலக்கு இருக்கிறது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. குடகுக்காரர் எல்லோருக்கும் அல்ல, எல்லா ஆயுதத்துக்கும் அல்ல.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலிதானே? (பலர் கேட்டது)

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத ஒத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தப்பெண்ணங்கள் கேலிக்குரியவை, இது ஆளைக் கொல்வது.

பிஸ்டலில் மேகசின் என்பது, கழற்றி மாட்டுகிற தோட்டாப் பெட்டி, அடுத்தடுத்த தோட்டாக்களின் இருப்புதான். சுடத் தயாராக இருக்கும் தோட்டா அதில் இல்லை, குழலின் பின்முனையில் உள்ள அறையில், அதாவது சேம்பரில் இருக்கிறது. மேகசினை உருவினாலும் அது அங்கேயேதான் இருக்கும். பல பிஸ்டல்களில் மேகசின் இல்லாமலேயே விசையை, அதாவது டிரிகரை, அழுத்தினால் வெடிக்கும். 'துடைக்கும்போது தவறுதலாக வெடித்தது' என்று பேப்பரில் படிக்கிறோமே, அப்படி வெடிக்க இதுவே ஒரு பெரிய வழி. ஆகவே வரிசை முக்கியம். முதலில் மேகசினை எடுக்க வேண்டும், அப்புறம் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே இருப்பதை வெளியே தள்ளி, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால், முதலில் இழுத்து ஒன்றை வெளியே தள்ளுவீர்கள், மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறிவிடும். கையில் காலியென்று நம்பி வைத்திருப்பது நிரம்பிய துப்பாக்கி.

ரிவால்வரில் இந்தக் குழப்பம் இல்லை, தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் திறந்தாலே தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலான ரிவால்வர்களில் 'சேஃப்டி' என்ற தாழ்ப்பாளும் இல்லை. அது இருக்கிற துப்பாக்கியிலும் தேய்ந்துபோகிற ஓர் இரும்புத் துண்டுதான் அது. சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். எங்கள் கிளப்பில் முதல் நாள் சுடவே விடமாட்டோம். இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வோம். திட்டுகிறார்கள், பரவாயில்லை.

சைலன்சர் போட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காதா? (திருச்சி)

நன்றாகவே கேட்கும். துப்பாக்கிச் சத்தம் சுமார் 140 முதல் 165 டெசிபல் வரை போகும். நல்ல சைலன்சர் அதில் ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபல் குறைக்கும். மீதமிருப்பதே காதைப் பிளக்கும். அது அடக்குவது குழலிலிருந்து சீறி வரும் வாயுவின் ஓசையை. குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் காற்றைக் கிழிக்கிற சத்தம் தனியாக வரும், அதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, நம் சட்டப்படி சைலன்சரையே துப்பாக்கிக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். வெறும் உதிரிப்பாகம் என்று ஆன்லைனில் வரவழைக்கப் பார்க்காதீர்கள்.

குண்டு பட்டால் ஆள் பின்னால் பறந்து போய் விழுவது? (அதே திருச்சிக்காரர்)

பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். 8 கிராம் குண்டு விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ ஆளுக்குள் நின்றுவிட்டது என்று வையுங்கள். அந்த உந்தத்தால் அவர் பெறக்கூடிய வேகம் விநாடிக்கு நான்கு சென்டிமீட்டர். தோளில் லேசாகத் தட்டினால் அதைவிட அதிகமாக ஆடுவார். அப்படித் தூக்கி எறிகிற வலு குண்டுக்கு இருந்தால், சுட்டவரையும் அதே வலு பின்னால் தூக்கி எறிந்திருக்க வேண்டுமே!

கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் யாருக்கு என்ன ஆபத்து? (பெயர் வேண்டாம் என்றவர்)

மேலே போனது கீழே வரும். நேர் மேலே சுட்ட ரைஃபிள் குண்டுகூட விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் திரும்பி விழும், மண்டையை உடைக்க அது போதும். சாய்வாகச் சுட்டால் வேகம் இன்னும் மிஞ்சும். 2019 திருத்தத்தில் இதற்கென்றே பிரிவு கொண்டுவந்தார்கள்: இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வடக்கே அதிகம் நடப்பதால் வந்த பிரிவு என்றாலும் நமக்கும் பொருந்தும்.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே, கொக்கு சுடலாமா? (தஞ்சாவூர்)

முதல் பாதி சரி. குழல் விட்டம் .177, அதாவது 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். ஆனால் கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். கொக்கைச் சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். எதனால் சுட்டீர்கள் என்பது அங்கே பொருட்டல்ல. பொம்மை என்றும் நினைக்காதீர்கள், கண் போய்விடும். பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இதே 4.5 மி.மீ. காற்றுப் பிஸ்டலில்தான்.

காட்டுப்பன்றி தோப்பை நாசம் செய்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் சுடலாம் அல்லவா ஐயா? (பொள்ளாச்சி)

உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் அல்ல. கேரளாவில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுத்தார்கள், உரிமம் உள்ளவர்களை அழைத்துச் சுடச் சொல்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் நீங்களாக இறங்கினால் வழக்கு உங்கள் மேல்தான். வனத்துறையிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நஷ்டஈட்டுக்கும் அதுவே ஆதாரம்.

திருடன் வீட்டுக்குள் வந்துவிட்டால் சுடலாம்தானே? (மதுரைக்காரரே மறுபடியும்)

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. உயிருக்கோ பெரிய காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் மரணம் விளைவிப்பதுகூட மன்னிக்கப்படலாம். இரவில் வீட்டை உடைத்து நுழைவதற்கும் இடம் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது எல்லாவற்றுக்கும் பொது. சுவரேறி ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் கோர்ட் சிரிக்கும்.

தாத்தா இறந்து நாலு வருஷம். அவருடைய இரட்டைக்குழல் பரணில் இருக்கிறது. குடும்பச் சொத்துதானே? (இல்லத்தரசி, கோபிச்செட்டிபாளையம்)

சொத்துதான் அம்மா, ஆனால் உரிமம் அவரோடு போய்விட்டது. இன்றைய நிலையில் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். யாருக்கும் வேண்டாமென்றால் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் விற்கலாம். எதுவானாலும் முதலில் ஸ்டேஷனிலோ அந்த வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குவது முறை. தாத்தாவின் பழைய உரிமப் புத்தகத்தைத் தேடி எடுங்கள், ஒரு வக்கீலிடம் பேசுங்கள், தாமதத்துக்கு விளக்கக் கடிதம் எழுதுங்கள். துப்பாக்கியைப் பையில் சுற்றிக்கொண்டு நீங்களே பஸ் ஏறிவிடாதீர்கள். ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்களோ அப்படிச் செய்யுங்கள். அதுவரை பரணிலேயே இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் ஏறாதபடி ஏணியை மட்டும் எடுத்துவிடுங்கள்.