வாசகர் கேள்வி – பதில்: கல் மாவும் சிமெண்டும்

கேள்வி: கிரானைட், சலவைக்கல் அறுக்கும் ஆலைகளில் தேங்கும் சேற்றைக் காயவைத்தால் சிமெண்டைப் போன்ற நுண்ணிய மாவு கிடைக்கிறது. சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாமா?

பதில்: தோற்றத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். சிமெண்ட் இறுகுவது அதன் நுண்மையால் அன்று. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்த கட்டிகளான கிளிங்கரில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீருடன் வினைபுரிவதால்தான். கல் மாவு அந்த உலையைக் கண்டதில்லை. ஆகவே, எந்தக் கல்லின் மாவு என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

கிரானைட் மாவில் இருப்பவை பெரும்பாலும் குவார்ட்ஸ் (படிகச் சிலிகா), ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்கள். சிமெண்டுடன் கலக்கும் அனல்மின் நிலையச் சாம்பலிலும் சிலிகா உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி கண்ணாடியைப் போலப் படிகமற்ற நிலையில் இருப்பதால், சிமெண்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் சேர்ந்து பிணைப்பை உண்டாக்குகிறது. கிரானைட்டின் சிலிகா படிக வடிவில் உறைந்தது. சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய சும்மா கிடக்கும். அதைச் சிமெண்டுக்கு ஈடாகப் போடுவது சிமெண்டைக் குறைப்பதேயன்றி வேறில்லை.

சலவைக்கல்லின் கதை வேறு. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சிமெண்டில் உள்ள அலுமினேட் என்ற அலுமினியச் சேர்மத்துடன் சிறிதளவு வினைபுரியவும் செய்யும். சுண்ணாம்புக்கல் பொடியை 6 முதல் 35 விழுக்காடு வரை கலந்த சிமெண்ட் வகைகளை ஐரோப்பியத் தரநிலை ஏற்கிறது. 50 விழுக்காடு கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல், 5 விழுக்காடு ஜிப்சம் என்ற கலவையும் இன்று தயாராகிறது. ஆனால் இவை யாவும் கல்லின் தூய்மையைச் சோதித்து ஆலையில் அரைத்துக் கலப்பவை. வேலையிடத்தில் மண்வெட்டியால் கலப்பது இதற்கு ஈடாகாது.

என் பரிந்துரை, இரு மாவையும் சிமெண்டின் கணக்கில் வைக்காமல் மணலின் கணக்கில் வைப்பதே. மணல் துகள்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களை நுண்மாவு நிரப்புவதால் கான்கிரீட் நெருக்கமாக அமைகிறது. அளவு மீறினால் மாவு தண்ணீரை இழுக்கும். கலவை இளகவில்லையே என்று தண்ணீரை ஊற்றினால் வலிமை போய்விடும். எனவே மணலில் 10 விழுக்காட்டை ஒட்டிய அளவில் தொடங்கி, சோதனைக் கனசதுரங்களை வார்த்து நசுக்கிப் பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும். காயவைத்துப் போடுவதானால், சேறு கட்டிதட்டும் என்பதால் உடைத்துச் சலித்துத்தான் போட வேண்டும். எஃகுக் குருணை கொண்டு அறுக்கும் ஆலையின் சேற்றில் இரும்புத் துகள்கள் கலந்திருந்து பிற்பாடு துருக்கறையாக வெளிப்படும் என்பதையும் மறக்கலாகாது.

கேள்வி: அதே மாவைச் செங்கல் மண்ணில் கலந்து சுடலாமா?

பதில்: கிரானைட் மாவுக்கு உண்மையில் பொருத்தமான இடம் சூளைதான். கான்கிரீட்டில் சும்மா கிடந்த ஃபெல்ட்ஸ்பார், போதிய வெப்பம் உள்ள சூளையில் உருகி மண் துகள்களை ஒட்டவைக்கிறது. சலவைக்கல் மாவோ சூளையில் சிதைந்து கரியமில வாயுவை வெளியேற்றும். 100 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டிலிருந்து 44 கிலோ வாயு போய்விடுகிறது. செங்கல் இலேசாகும், ஆனால் நீரை அதிகம் உறிஞ்சும். மாவில் பெரிய துணுக்குகள் இருந்தால் அவை சுட்ட சுண்ணாம்பாகி, பின்னர் ஈரம் பட்டதும் ஊதி, செங்கலின் முகத்தைப் பெயர்த்துவிடும். கழிவைக் குறைப்பதற்காக வாயுவைக் கூட்டும் இந்த வழியை நான் விரும்புவதில்லை.

கேள்வி: இந்தத் தூளால் உடல்நலக் கேடு உண்டா?

பதில்: சேறாக இருக்கும் வரை அச்சம் குறைவு, காய்ந்து பறக்கும்போதுதான் ஆபத்து. கிரானைட் தூளில் உள்ள படிக சிலிகா நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். சுவாசத்தில் கலக்கும் சிலிகா தூளைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. மூக்கில் கட்டும் துணி இதற்குப் போதாது. மாவைக் காயவைத்துச் சலிப்பதைவிட, சேற்றின் ஈரத்தை அளந்து, கான்கிரீட்டுக்குரிய தண்ணீரில் அதைக் கழித்துக்கொண்டு, சேறாகவே கலப்பது எல்லா வகையிலும் மேல்.