ஊர்ப் பொங்கல் விழாவில், ஊருக்கு உழைத்த சிலரை மேடையேற்றிப் பாராட்ட நினைக்கிறோம். ஒழுங்காகச் செய்வது எப்படி?

எத்தனை பேரைப் பாராட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெயர் சொல்லி அழைத்து, மடல் வாசித்து, துண்டு போர்த்தி, படம் எடுத்து, அவரையும் இரண்டு வார்த்தை பேசவிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகிவிடும். ஆறு பேர் என்றால் அரை மணி நேரம், கூட்டம் உட்கார்ந்திருக்கும். இருபது பேர் என்றால் "அடுத்து... அடுத்து..." என்று ரேஷன் கடை வரிசையாகிவிடும். ஆறு வாரம் அவகாசம் இருந்தால் ஆறு பேர், பத்து நாள்தான் இருக்கிறதென்றால் மூன்று பேர். மீதிப் பேரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி விழாக்கள் கெட்டுப்போகின்றன. விழாக் குழுவில் இருப்பவர்கள், அவர்களுடைய வீட்டார், இந்த வருடம் நன்கொடை கொடுத்தவர்கள் ஆகிய மூன்று தரப்பும் பட்டியலில் வரக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பணம் கொடுத்தவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. அவரையும் இருபது வருடம் உழைத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சால்வை போட்டால், ஊர் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

பெயர்களை விழாக் குழுவுக்குள்ளேயே தேடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், பள்ளித் தலைமை ஆசிரியர், தண்ணீர்த் தொட்டி திறந்துவிடுபவர், மயானத்தில் வேலை செய்பவர் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். உண்மையில் யார் அலைகிறார்கள் என்று இவர்களுக்குத்தான் தெரியும். பட்டியல் முடிந்ததும் தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஊர்த்தெருப் பெயர்கள் மட்டும் இருந்து காலனியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லையென்றால், தேடியது போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது சம்மதம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குடிநோயிலிருந்து மீண்டு மற்றவர்களை மீட்பவர், ஆதரவற்ற உடல்களை அடக்கம் செய்பவர் போன்றோரில் சிலர் மேடை வேண்டாம் என்பார்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். "சும்மா வாங்க" என்று கூட்டி வந்து திடீரென்று மேலே ஏற்றுவது மரியாதை ஆகாது.

இனி பாராட்டு மடல். என்னைக் கேட்டால் மொத்த விழாவுமே இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. "தன்னலம் கருதாத சேவைச் செம்மல், எளிமையின் சிகரம்" என்று அச்சாகும் மடலில் பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அப்படிப்பட்ட மடலைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான். என்ன செய்தார், எந்த வருடத்திலிருந்து, எவ்வளவு, அதனால் ஊரில் என்ன மாறியது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: "2009 முதல் ஞாயிறுதோறும் காலையில் ஊருணிக் கரையில் சீமைக்கருவேலம் வெட்டி வருகிறார். முதல் இரண்டு வருடம் தனியாக, பிறகு பள்ளிப் பிள்ளைகளோடு. இன்று மேலத்தெருவும் கீழத்தெருவும் கோடையிலும் அந்த ஊருணியில் தண்ணீர் எடுக்கின்றன." எண்பது சொல்லுக்குள் முடித்தால் நிறுத்தி வாசிக்க ஒரு நிமிடம் ஆகும். வருடக் கணக்கை அவரைத் தவிர இன்னும் இருவரிடம் சரிபாருங்கள். "முப்பது வருஷமா" என்பது பேச்சுவழக்கில் பதினெட்டாகவும் இருக்கும்.

அச்சில் வரும் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரிதான். தலைப்பெழுத்து மாறிவிடும், ரகர றகரம் மாறிவிடும். அச்சகத்தின் கணினியில் வேறு எழுத்துரு இருந்தால் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து நிற்கும். வேர்டு கோப்பாகக் கொடுக்காமல் பி.டி.எஃப் ஆக்கிக் கொடுங்கள். அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்ததும் உரியவரிடமே காட்டிப் பெயரைச் சரிபாருங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் மகனிடமோ மகளிடமோ. அளவு ஏ4 போதும், 300 ஜி.எஸ்.எம் தடிமனான அட்டையில் அடித்துச் சட்டம் போடுங்கள். ஏ3 சட்டத்தைப் பேருந்தில் கொண்டு போவது கஷ்டம், சின்ன வீட்டில் மாட்டவும் சுவர் இருக்காது.

கேடயம் கட்டாயமில்லை. கொடுத்தே தீருவோம் என்றால் எழுத்தைச் செதுக்கித் தரச் சொல்லுங்கள், ஸ்டிக்கர் ஒட்டியது வெளுத்து உரிந்துவிடும். பொன்னாடை படத்துக்கு மட்டும்தான் உதவும். அதற்குப் பதில் கைத்தறி வேட்டியோ சேலையோ கொடுத்தால் கட்டிக்கொள்வார்கள். இன்னும் நல்லது, அவர் செய்யும் வேலைக்கே உதவுவது: மரம் நடுபவருக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும், இலவசமாகப் பாடம் சொல்லித் தருபவருக்குக் கரும்பலகையும் விளக்கும். பணமாகக் கொடுத்தால் உறையில் போட்டுக் கொடுங்கள், தொகையை மைக்கில் சொல்லாதீர்கள். அவருக்கு என்ன தேவை என்று கேட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதுரைப் பக்கம் புல்லுச்சேரியில் பெண்களைச் சேர்த்துச் சேமிப்புக் குழு நடத்திய சின்னப்பிள்ளை அம்மாவின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கியதை நாடே பார்த்தது, 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனாலும் வீடு கிடைக்கவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

மேடைக்கு வருவோம். பாராட்டுப் பெறுபவர்களை முதலிலேயே மேடையில் உட்கார வையுங்கள். அவர்கள் வீட்டாருக்கு முன்வரிசை நாற்காலியில் பெயர் ஒட்டி வையுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு முன்னால் பாராட்டு நடக்க வேண்டும். பேச்சு முடிந்து அவர் காரில் ஏறும்போது பாதிக் கூட்டமும் எழுந்துவிடும். அவர் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். மடலை எம்.எல்.ஏ. கையால்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது, பயன் பெற்றவர் கையால் கொடுத்துப் பாருங்கள். படியேற முடியாத பெரியவர் என்றால் மைக்கை எடுத்துக்கொண்டு நீங்கள் கீழே இறங்குங்கள்.

அழைப்பிதழில் "முன்னிலை" என்று முப்பது பெயர் போட்டுவிட்டு, பாராட்டப்படுபவர்களைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் வழக்கத்தை இந்த முறையாவது விட்டுவிடலாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். ஃபிளெக்ஸ் வைக்கவும் அனுமதி தேவை. 2019-ல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததை நினைவில் வைத்து, முடிந்தால் ஃபிளெக்ஸையே தவிர்த்துவிடுங்கள். படங்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், கோப்பாக அனுப்புங்கள். குடும்பத்தோடு எடுத்த படம் ஒன்றை அச்சிட்டு ஒரு வாரத்துக்குள் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

மடலுக்காகத் திரட்டிய விவரங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே கோப்பை வைத்து அரசு விருதுகளுக்கும் எழுதலாம். பெண்களுக்கு மார்ச் 8-ல் வழங்கும் ஔவையார் விருதுக்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு முதலமைச்சர் மாநில இளைஞர் விருது இருக்கிறது, அதற்கு மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகம். பத்ம விருதுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். ஒன்றிய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் பதிவு செய்து, 800 சொல்லுக்கு மிகாமல் அவருடைய பணியை எழுத வேண்டும். 2025-ம் ஆண்டு விருதுக்கு 2024 மே 1-ல் பதிவு தொடங்கியது, 2026-க்கோ 2025 மார்ச் 15-லேயே திறந்துவிட்டார்கள். அதனால் பொங்கல் முடிந்த கையோடு எழுதத் தொடங்குங்கள். மருத்துவர், விஞ்ஞானி தவிர, பணியில் இருக்கும் அரசு ஊழியருக்கு இது கிடையாது. 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பாம்பு பிடிக்கும் இருளர்கள், ஆகவே "நம்ம ஊர் ஆளுக்கெல்லாம் கிடைக்குமா" என்று தயங்க வேண்டாம்.

ஆனால் பரிந்துரை அனுப்பியதை அடுத்த பொங்கல் மேடையில் அறிவிக்காதீர்கள். ஜனவரி 25 இரவு பட்டியல் வந்து அதில் பெயர் இல்லையென்றால், தெருவில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியவர் அவர்தான்.