இன்ஜின் சொன்ன ஹெச்.பி. தருகிறதா?

கேள்வி: 5 ஹெச்.பி. (குதிரைத் திறன்), 1500 ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) டீசல் இன்ஜினுக்கு பிஸ்டன் ரிங் மாற்றினோம். பட்டறையிலேயே அதன் திறனை அளக்க முடியுமா?

பதில்: தாராளமாக. கயிற்று பிரேக் டிரம், அதாவது இன்ஜின் தண்டோடு சுழன்று கயிற்றின் உரசலால் லோடு ஏற்றும் டிரம் போதும். 300 மி.மீ. விட்டமுள்ள டிரம்மில் 20 மி.மீ. கயிற்றைச் சுற்றி, மேல்முனையை ஸ்பிரிங் தராசிலும் கீழ்முனையை எடையிலும் கட்டுங்கள். டிரம் எடையைத் தூக்கும் திசையில் சுழலவேண்டும். கயிறு கவ்விக்கொண்டால் எடை மேலே பறக்கும்; அதைச் சங்கிலியால் சட்டத்தோடு பிணைக்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

எடை 17 கிலோ, தராசு 2 கிலோ என்றால் நிகரம் 15. ஆரம் 0.15 அல்ல, கயிற்றின் பாதியும் சேர்த்து 0.16 மீட்டர். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விடை 6 சதவீதம் குறைந்துவிடும். 15 × 9.81 (கிலோவை நியூட்டனாக்க) × 0.16 = 23.5 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). 1500 சுற்றில் அது 3.7 கிலோவாட், அதாவது 5 ஹெச்.பி. சுற்றை லோடு ஏற்றிய பிறகே சுற்று அளக்கும் டாக்கோமீட்டரில் பாருங்கள்.

அந்த 3.7 கிலோவாட்டும் டிரம்மில் வெப்பமாகிறது. டிரம்மின் உட்பள்ளத்தில் தண்ணீர் ஓடட்டும். கயிற்றில் தண்ணீரோ எண்ணெயோ பட்டால் தராசு முள் குதிக்கும். நிறுத்துமுன் எடையை இறக்கிவிடுங்கள்.