கன்னா ஊருக்கு வரும்போது

கேள்வி: தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஆடம் ஸ்மால் 1965-ல் வெளியிட்ட ஆஃப்ரிகான்ஸ் மொழி நாடகத்தைத் தமிழாக்கி ஒத்திகை பார்க்கிறோம். வெளிநாட்டிலிருந்து கன்னா திரும்பும் கதை. முன்பு நடந்ததும் இப்போது நடப்பதும் கலந்து பார்ப்பவர்களைக் குழப்புகிறது. என்ன செய்யலாம்?
– நாடகக் குழுவினர், மன்னார்குடி

பதில்: கன்னா வருவதே தன்னை வளர்த்து, இப்போது இறந்துவிட்ட மக்கீட்டின் அடக்கத்துக்குத்தான். ஆனாலும் அவள் மேடையில் பேசுகிறாள். காட்சிக்குக் காட்சி திரை போட்டால் நாடகம் செத்துவிடும். பழசுக்கு மஞ்சள் விளக்கு, இன்றைக்கு வெள்ளை. மூன்று நொடியில் மாற்றுங்கள். அவளுடைய சக்கர நாற்காலி பலகை மேடையில் கடகடத்து வசனத்தை விழுங்கும். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சக்கரத்தில் ஒட்டுங்கள்.

மூலம் கேப் டவுன் ஏழைகளின் பேச்சுமொழி. அதைச் செந்தமிழாக்குவது பெரிய பிழை. “வந்துட்டியாப்பா?” என்ற நம் பக்கத்துப் பேச்சே போதும். ஆனால் ஊரையும் பெயர்களையும் மாற்றாதீர்கள். நிறவெறிச் சட்டங்கள் மறைந்தால் இந்தக் குடும்பம் ஏன் சிதைந்தது என்பதே புரியாது. நாடக உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிட்டு நோட்டீஸ் அடியுங்கள்.